வெள்ளைவால் மானின் இணைசேர் பருவம்

வெள்ளைவால் மானின் இணைசேர் பருவம் என்பது, வட அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் வெள்ளைவால் மான்கள் (அறிவியல் பெயர்: ஓடோகோயிலியஸ் வர்ஜினியானஸ்) இலையுதிர்காலத்தில் துணை தேடி இணைசேரும் காலப்பகுதி ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவின் தென்பகுதியிலும் இது அக்டோபர் மாத இறுதியில் வேகம் பெற்று, நவம்பர் மாத நடுப்பகுதியில் உச்சம் அடைகிறது. பிற காலங்களில் மிகுந்த எச்சரிக்கையுடன் மறைந்து வாழும் ஆண்மான்கள் இப்பருவத்தில் பகலிலும் நடமாடுகின்றன, உணவைக் குறைத்துக்கொள்கின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன. மான்வேட்டைக்கு அனுமதிக்கப்பட்ட நாட்களும் பெரும்பாலான மாநிலங்களில் இக்காலத்தை ஒட்டியே அமைகின்றன. எனவே இந்நடத்தை பற்றிய அறிவின் கணிசமான பகுதி வேட்டையாளர்களின் நேரடிக் கவனிப்பிலிருந்து தோன்றியது. அக்கவனிப்புகளுள் சிலவற்றைப் பின்னர் நடந்த ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. வேறு சிலவற்றை மறுத்துள்ளன.

மான் பற்றிய சுருக்கம்

வெள்ளைவால் மான் கனடாவின் தென்பகுதி முதல் தென் அமெரிக்காவின் பெரு, பொலிவியா வரை வாழும் பாலூட்டி ஆகும். இதன் வாலின் அடிப்புறம் வெண்மையாக இருக்கும். ஆபத்தை உணர்ந்து ஓடும்போது வாலை உயர்த்தி அவ்வெண்மையைக் காட்டுவதால் இப்பெயர் ஏற்பட்டது. பெண்மான்கள் தம் குட்டிகளுடனும் நெருங்கிய உறவுடைய பிற பெண்மான்களுடனும் சிறு குழுக்களாக வாழ்கின்றன. கோடைக்காலத்தில் ஆண்மான்கள் தனிக் குழுக்களாகத் திரியும். இவ்விரு கூட்டங்களையும் ஒன்றாகக் கலக்கச் செய்வது இலையுதிர்காலமே.

காலத்தை முடிவு செய்வது எது?

குளிர் வந்தால் மான்களின் இணைசேர் பருவம் தொடங்கும் என்ற கருத்து பொதுவாக நிலவுகிறது. ஆனால் பருவத்தின் நாட்களை முடிவு செய்வது வெப்பநிலை அன்று. பகற்பொழுதின் நீளமே ஆகும். கோடைக்காலத்தின் நீண்ட பகல் கழிந்து இரவு நீளத் தொடங்கும்போது, மூளையில் உள்ள கூம்புச் சுரப்பி மெலட்டோனின் என்னும் இயக்குநீரைக் கூடுதலான நேரம் சுரக்கிறது. இம்மாற்றம் ஆண்மானின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவை உயர்த்துகிறது; பெண்மானின் உடலைச் சினைப்பருவத்திற்கு ஆயத்தம் செய்கிறது. ஓரிடத்தில் பகலின் நீளம் ஆண்டுதோறும் அதே நாளில் அதே அளவாகவே இருப்பதால், இணைசேர் பருவத்தின் உச்சமும் அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நாட்களில் நிகழ்கிறது.

இவ்வொழுங்கிற்கு வலுவான காரணம் உண்டு. பெண்மானின் சினைக்காலம் ஏறத்தாழ 200 நாட்கள். நவம்பர் நடுவில் கருவுற்றால் குட்டி மே மாத இறுதியிலோ சூன் தொடக்கத்திலோ பிறக்கும். அப்போது தாய்க்கு இளந்தளிர்கள் நிறையக் கிடைக்கும். குட்டிக்கும் குளிர்காலத்திற்கு முன் வளர ஐந்தாறு மாதங்கள் கிடைக்கும். முன்னதாகப் பிறக்கும் குட்டி குளிருக்கும் தாயின் உணவுப் பற்றாக்குறைக்கும் இரையாகலாம். பிந்திப் பிறக்கும் குட்டி போதிய உடற்கொழுப்பு இன்றிப் பனிக்காலத்தைச் சந்திக்க வேண்டியிருக்கும். மேலும், ஒரு வட்டாரத்தின் குட்டிகள் அனைத்தும் சில வாரங்களுக்குள் பிறப்பதால், கரடி, கொயோட்டி ஓநாய் போன்ற கொன்றுண்ணிகளால் அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே பிடிக்க முடிகிறது.

தெற்கே செல்லச் செல்ல இக்கட்டுப்பாடு தளர்கிறது. புளோரிடா மாநிலத்தின் தென்பகுதியில் சூலை, ஆகத்து மாதங்களிலேயே இணைசேர்தல் தொடங்க, அதே மாநிலத்தின் வடமேற்கில் அது சனவரி, பிப்ரவரி வரை நீள்கிறது. அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களின் பல பகுதிகளில் உச்சம் சனவரியில் அமைகிறது. 20-ஆம் நூற்றாண்டில் மான்கள் அருகிப்போன இடங்களுக்குப் பிற மாநிலங்களிலிருந்து மான்கள் கொண்டுவந்து விடப்பட்டதும் இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகும். நிலநடுக்கோட்டை நெருங்கிய பகுதிகளில் ஆண்டின் எல்லா மாதங்களிலும் குட்டிகள் பிறப்பதுண்டு.

கருவுற்ற நாளைக் கணக்கிடும் முறை

காட்டில் ஒரு பெண்மான் எந்நாளில் கருவுற்றது என்பதை நேரில் காண்பது அரிது. எனவே காட்டுயிர்த் துறையினர் குளிர்கால இறுதியிலும் இளவேனிலிலும் வாகனம் மோதி இறந்த பெண்மான்களின் வயிற்றில் உள்ள கருவின் நீளத்தை அளந்து அதன் வயதைக் கணித்து, அதிலிருந்து கருவுற்ற நாளைப் பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். பென்சில்வேனியா மாநிலத்தில் இம்முறையில் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட தரவுகள், வளர்ந்த பெண்மான்களுள் பெரும்பாலானவை நவம்பர் நடுப்பகுதியை ஒட்டியே கருவுறுவதைக் காட்டின. வெப்பமான ஆண்டுகளுக்கும் குளிர்மிகுந்த ஆண்டுகளுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

பருவத்தின் படிநிலைகள்

வட பகுதிகளில் இப்பருவத்தைப் பின்வரும் படிநிலைகளாகப் பிரிக்கலாம். இவற்றுக்கிடையே கூர்மையான எல்லைகள் இல்லை.

1. ஆயத்தம் (செப்டம்பர்): கோடை முழுவதும் வளர்ந்துவந்த கிளைக்கொம்பின் மீதுள்ள மென்மயிர்த் தோல் காய்ந்து உரிகிறது. ஆண்மானின் கழுத்துத் தசைகள் பருக்கின்றன. ஆண்மான்கள் கொம்புகளை மெல்லக் கோத்துத் தள்ளிப் பழகுகின்றன. இது பெரும்பாலும் காயமின்றி முடியும் வலிமைச் சோதனையே. பின்னர் அவற்றின் கோடைக்காலக் குழுக்கள் கலைகின்றன.

2. அடையாளமிடல் (அக்டோபர்): மரங்களில் உரசிய தடங்களும் தரையில் கீறிய தடங்களும் பெருகுகின்றன.

3. தேடலும் துரத்தலும் (அக்டோபர் இறுதி முதல் நவம்பர் தொடக்கம்): ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடி நெடுந்தொலைவு அலைகின்றன. சினைப்பருவத்தை இன்னும் எட்டாத பெண்மான்கள் அவற்றிடமிருந்து விலகி ஓடுகின்றன. வேட்டையாளர்கள் மிகுதியான ஆண்மான்களைக் காண்பது இந்நாட்களிலேயே.

4. உடனிருத்தல் (நவம்பர் நடுப்பகுதி): சினைப்பருவம் எய்திய பெண்மானுடன் ஓர் ஆண்மான் ஓரிரு நாட்கள் பிரியாது தங்குகிறது. அது படுத்தால் படுக்கிறது, எழுந்தால் எழுகிறது, பிற ஆண்மான்களை விரட்டுகிறது. பெண்மானின் சினைப்பருவம் ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரமே நீடிக்கும்.

5. இரண்டாம் அலை (டிசம்பர்): முதல் முறை கருவுறாத பெண்மான்களுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் கழித்து மீண்டும் சினைப்பருவம் வருகிறது. அவ்வாண்டில் பிறந்த பெண்குட்டிகளுள் நன்கு வளர்ந்தவையும் இக்காலத்தில் கருவுறக்கூடும்.

நான்காம் படிநிலை பற்றி ஒரு குழப்பம் உண்டு. இணைசேர்தல் உச்சத்தில் இருக்கும் இந்நாட்களில் காடு திடீரென வெறிச்சோடியதுபோல் தோன்றும். ஆண்மான்கள் பெண்மான்களுடன் அடர்ந்த புதர்களில் ஒதுங்கி நிற்பதே இதற்குக் காரணம். கண்ணுக்கு நடமாட்டம் மிகுந்து தெரியும் நாட்களும் கருவுறுதல் மிகுந்த நாட்களும் ஒன்றல்ல. தாயின்றித் தனியே திரியும் குட்டிகளை இந்நாட்களில் காண நேர்ந்தால், தாய்மான் ஆண்மானுடன் விலகிச் சென்றிருப்பதன் அறிகுறியாக அதைக் கொள்ளலாம்.

உடலில் ஏற்படும் இழப்பு

வளர்ந்த ஆண்மான் இப்பருவத்தில் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கக்கூடும். அலைச்சலும் மோதலும் ஒருபுறம் ஆற்றலைச் செலவழிக்க, மேய்ச்சல் நேரம் மறுபுறம் சுருங்குகிறது. இழந்த எடையை ஈடுசெய்வதற்குள் பனிக்காலம் வந்துவிடுவதால், கடுங்குளிர் நிலவும் ஆண்டுகளில் களைத்த ஆண்மான்கள் இறப்பதுண்டு. மோதும்போது கிளைக்கொம்புகள் பிரிக்க முடியாதவாறு சிக்கி, இரு மான்களும் ஒருசேர மடிந்த நிகழ்வுகளும் அறியப்பட்டுள்ளன. பருவம் முடிந்து டெஸ்டோஸ்டிரோன் அளவு குறையும்போது, டிசம்பர் முதல் மார்ச் வரையிலான காலத்தில் கொம்புகள் உதிர்கின்றன.

அடையாளங்களும் ஒலிகளும்

மர உரசல்

ஆண்மான் தன் நெற்றியையும் கொம்பின் அடிப்பகுதியையும் இளமரங்களின் மீது தேய்த்துப் பட்டையை உரிக்கிறது. மென்மயிர்த் தோலை நீக்குவதற்காக மட்டுமே இது நடைபெறுகிறது என்று முன்பு கருதப்பட்டது. ஆனால் தோல் உரிந்து பல வாரங்கள் கழிந்த பின்னும் உரசல் தொடர்கிறது. நெற்றியில் உள்ள சுரப்பிகளின் மணத்தை மரத்தில் பதிப்பதே இதன் முதன்மை நோக்கம் எனக் கண்டறியப்பட்டது. பட்டை உரிந்த இடத்தின் வெளிர்நிறம் தொலைவிலிருந்தும் தெரிவதால் இது கண்ணுக்கும் மூக்குக்கும் ஒருங்கே உரிய அறிவிப்பாகிறது. மூத்த ஆண்மான்கள் இளையவற்றுக்கு முன்னதாகவே உரசலைத் தொடங்குகின்றன.

மண் கீறல்

தாழ்ந்து தொங்கும் கிளை ஒன்றின் கீழே ஆண்மான் முன்னங்கால்களால் சருகைத் தள்ளி வெறுமண் தெரியுமாறு கீறுகிறது. மேலே உள்ள கிளையை வாயால் கவ்வியும் நெற்றியாலும் கண்முனைச் சுரப்பிகளாலும் தேய்த்தும் தன் மணத்தைப் பதிக்கிறது. பின்னங்கால்களின் மூட்டருகே உட்புறத்தில் மயிர்க்கற்றையுடன் அமைந்த சுரப்பிகளை ஒன்றோடொன்று தேய்த்தவாறே அவற்றின் மேல் சிறுநீர் கழிக்கிறது. குளம்புகளுக்கு இடையே உள்ள சுரப்பியின் மணமும் மண்ணில் படிகிறது. இவ்வாறு ஒரே இடத்தில் பல செய்திகள் சேர்கின்றன.

உரசல்களையும் கீறல்களையும் முறையாக அளந்து ஆராய்ந்தவர்களுள் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மார்ச்சிண்டன் முன்னோடியாவார். இவரும் டெரி கைலும் இணைந்து 1977-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையானதாகக் கருதப்படுகிறது. மிச்சிகன் மாநிலத்தின் குசினோ காட்டுயிர் ஆய்வு நிலையத்தில், வேலியிடப்பட்ட பெரும் பரப்பில் மான்களை வைத்து ஜோன் ஓசோகா பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு கீறல் ஒரே ஆண்மானுக்கு உரியது என்ற எண்ணம் பிற்காலத் தானியங்கி நிழற்படக் கருவிகளால் தகர்ந்தது. ஒரே கீறலுக்குப் பல ஆண்மான்கள் வருகின்றன. பெண்மான்களும் குட்டிகளும் கூட வருகின்றன. அவ்வருகைகளுள் பெரும்பகுதி இரவிலேயே நிகழ்கின்றன.

உதட்டைச் சுருட்டுதல்

பெண்மான் சிறுநீர் கழித்த இடத்தை முகர்ந்த ஆண்மான், தலையை உயர்த்தி மேலுதட்டைச் சுருட்டிச் சில நொடிகள் அசையாது நிற்கும். மேலண்ணத்தை ஒட்டிய தனியானதொரு நுகர்வுறுப்புக்கு மணத்தைச் செலுத்தி, பெண்மானின் சினைநிலையை அறியும் செயல் இதுவாகும்.

ஒலிகள்

பெண்மானைப் பின்தொடரும் ஆண்மான் அடித்தொண்டையிலிருந்து குறுகிய உறுமல்களை எழுப்புகிறது. எதிரியை அச்சுறுத்தும்போது மூக்கால் சீறி, அதைத் தொடர்ந்து நீண்ட இழுப்பொலி எழுப்புகிறது. இதுவே ஆண்மானின் மிகக் கடுமையான எச்சரிக்கை ஒலி ஆகும். ஆபத்தை உணர்ந்த எம்மானும் வெளியிடும் உரத்த சீறல் இதனின்று வேறானது.

வேட்டையாளரின் கவனிப்பு முறைகள்

மான்வேட்டையில் பெரும்பகுதி நேரம் அசையாது காத்திருப்பதிலேயே கழிகிறது. மரத்தில் அமைத்த பரண் மீது விடியலுக்கு முன் ஏறி அமர்ந்து, பல மணி நேரம் காத்திருப்பது வழக்கம். பரணிலிருந்து தவறி விழுதல் வேட்டைக்கால விபத்துகளுள் முதன்மையான ஒன்றாகும். எனவே ஏறத் தொடங்கும்போதே உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை அணிய வேண்டும் என்று வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது.

மானின் புலன்களுள் கூர்மையானது மோப்பம். ஆகவே காற்று வீசும் திசையே பரணின் இடத்தை முடிவு செய்கிறது. மான் வரக்கூடிய பக்கத்திலிருந்து தன்னை நோக்கிக் காற்று வீசும் இடத்தை வேட்டையாளர் தேர்ந்தெடுக்கிறார். மானின் கண்ணில் இருவகை நிற உணர்கலங்களே உள்ளதால், அதனால் செம்மஞ்சளைப் பச்சையிலிருந்து பிரித்தறிய இயலாது. நீலத்தை நன்கு காணும். பெரும்பாலான மாநிலங்களில் துப்பாக்கி வேட்டையின்போது ஒளிரும் செம்மஞ்சள் ஆடை கட்டாயம். சக வேட்டையாளரின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்நிறம் மானுக்கு அவ்வாறு தெரிவதில்லை.

இரு ஆண்மான்கள் மோதுவதைப்போல் உதிர்ந்த கொம்புகளைத் தட்டி ஒலியெழுப்பி ஆண்மானை ஈர்ப்பது மற்றொரு முறை. டெக்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள வெல்டர் காட்டுயிர்ப் புகலிடத்தில் 1990-களில் இம்முறை சோதிக்கப்பட்டது. ஒருவர் தரையில் மறைந்து கொம்புகளைத் தட்ட, மற்றொருவர் உயர்ந்த கோபுரத்திலிருந்து கவனித்தார். உரத்த ஒலிக்கே மிகுதியான மான்கள் வந்தன. வந்தவற்றுள் பல, ஒலி எழுந்த இடத்தின் காற்றுக்கீழ்ப் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்க முயன்றன. கோபுரத்திலிருந்தவர் கண்ட மான்களுள் பலவற்றைத் தரையிலிருந்தவர் காணவே இல்லை.

கவனிப்பின் வரம்புகள்

மேற்கண்ட சோதனை ஒரு பொதுவான உண்மையையும் உணர்த்துகிறது. பரணில் அமர்ந்திருப்பவர் காண்பது மான்களின் நடத்தையில் பகலில், குறிப்பிட்ட தொலைவுக்குள், காற்று இடங்கொடுத்த அளவுக்கு வெளிப்படும் பகுதியையே. இதனால் சில நம்பிக்கைகள் நெடுங்காலம் நிலைத்துவிட்டன.

வெப்பமும் பருவமும்: வெதுவெதுப்பான நவம்பரில் இணைசேர் பருவம் தள்ளிப்போனது என்று பலரும் கூறுவர். குளிர்காலத்திற்கான தடித்த மயிர் வளர்ந்துவிட்ட நிலையில், வெப்பமான பகலில் மான்கள் நடமாட்டத்தைக் குறைத்து இரவில் நடமாடுகின்றன. தள்ளிப்போவது வேட்டையாளரின் கண்ணில் படும் நேரமே. கருவுறும் நாட்கள் அல்ல.

முழுநிலவு: இலையுதிர்காலச் சமவிரவு நாளுக்குப் பின் வரும் இரண்டாம் முழுநிலவே பருவத்தைத் தூண்டுகிறது என்ற கருத்து வேட்டையாளரிடையே பரவலாக உள்ளது. முழுநிலவு நாள் ஆண்டுக்கு ஆண்டு பல நாட்கள் முன்பின்னாக மாறும். கருவுற்ற நாட்களோ அவ்வாறு மாறவில்லை என்பதைக் கருக்களின் வயதுக் கணிப்புகள் காட்டின.

பெருங்கொம்பனே தந்தை: மிகப் பெரிய கொம்புடைய ஆண்மானே பெரும்பாலான குட்டிகளுக்குத் தந்தை என்று எண்ணப்பட்டது. மரபணுச் சோதனைகள் வேறொரு நிலையைக் காட்டின. மூத்த ஆண்மான்கள் உள்ள கூட்டங்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குட்டிகளின் தந்தையர் ஒன்றரை, இரண்டரை வயதுடைய இளம் ஆண்மான்களே. பெண்மான்கள் பல ஒரே சமயத்தில் சினைப்பருவம் எய்துவதாலும், ஒரு பெண்மானுடன் ஓரிரு நாட்கள் தங்க வேண்டியிருப்பதாலும் எந்த ஆண்மானாலும் எல்லாவற்றையும் காவல் காக்க இயலாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் அமைவதும் உண்டு.

வேட்டையும் எண்ணிக்கை மேலாண்மையும்

19-ஆம் நூற்றாண்டில் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கட்டுப்பாடின்றி நடந்த வணிக வேட்டையாலும் காடழிப்பாலும், 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்து இலட்சத்திற்கும் கீழே சரிந்தது. 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் சட்டமீறி வேட்டையாடப்பட்ட விலங்குகளை மாநிலங்களுக்கிடையே விற்பதைத் தடை செய்தது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. வேட்டைக்கு நாட்களும் வரம்புகளும் விதிக்கப்பட்டன. பின்னர் மான்களின் எண்ணிக்கை சில கோடிகளாக உயர்ந்தது.

ஓநாயும் மலைச்சிங்கமும் மறைந்துவிட்ட பகுதிகளில் இன்று சிக்கல் நேர்மாறானது. மிகுந்துவிட்ட மான்கள் காட்டின் இளமரக் கன்றுகளைத் தின்று தீர்க்கின்றன. ஓர் ஆண்மான் பல பெண்மான்களுடன் இணைசேர இயலும் என்பதால், ஆண்மான்களை மட்டும் வேட்டையாடுவது எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. எனவே மாநிலங்கள் பெண்மான்களுக்கெனத் தனி அனுமதிச் சீட்டுகளை வழங்குகின்றன. பருவத்தின் உச்ச நாட்கள் பல வட மாநிலங்களில் வில் வேட்டைக்கே உரியவை. துப்பாக்கி வேட்டை அதன் பின்னர் தொடங்குகிறது. விஸ்கொன்சின் மாநிலத்தின் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை, நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்குவது வழக்கம்.

சாலை விபத்துகள்

துணை தேடி அலையும் ஆண்மான்களும் அவற்றிடமிருந்து ஓடும் பெண்மான்களும் சாலைகளைக் கவனியாது கடப்பதால், மான்களுடன் வாகனங்கள் மோதும் விபத்துகள் நவம்பரில் உச்சம் அடைகின்றன. இதே மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்பப்படுவதால், பணி முடிந்து வீடு திரும்பும் நெரிசல் நேரம் மான்கள் மிகுதியாக நடமாடும் அந்திப்பொழுதுடன் சேர்ந்துவிடுகிறது. 2022-இல் வெளியான ஆய்வொன்று, கடிகார மாற்றத்தை அடுத்த வாரத்தில் இவ்விபத்துகள் 16 விழுக்காடு கூடுவதாகக் கண்டது. ஒரு மான் சாலையைக் கடந்தால் அதைத் துரத்தும் மற்றொன்று பின்னே வரக்கூடும். எனவே இப்பருவத்தில் முதல் மான் கடந்த பின்னும் வேகத்தைக் கூட்டாதிருப்பது நலம்.

நலிவு நோய்

நாட்பட்ட நலிவு நோய் என்பது மான்களின் மூளையைச் சிதைத்து உயிரைப் பறிக்கும் நோய் ஆகும். பிரையான் எனப்படும் திரிந்த புரதத்தால் உண்டாகும் இந்நோய் 1967-இல் கொலராடோ மாநிலத்தில் கூண்டில் வளர்க்கப்பட்ட வேறொரு மானினத்தில் முதலில் காணப்பட்டது. 2002-இல் விஸ்கொன்சினின் வெள்ளைவால் மான்களில் கண்டறியப்பட்டது. பின்னர் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்குப் பரவியுள்ளது. ஆண்மான்களில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு அவற்றின் இணைசேர் பருவ நடத்தை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பல மான்கள் வாயும் மூக்கும் வைக்கும் மண் கீறல்களில் பிரையான்கள் இருப்பது அண்மை ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. மானின் சிறுநீரிலிருந்து செய்யப்படும் ஈர்ப்பு மணங்களைச் சில மாநிலங்கள் இக்காரணம் பற்றியே தடை செய்துள்ளன. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதி செய்யப்படவில்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ண வேண்டா என்று நலத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். வேட்டையாளர்கள் சோதனைக்கு ஒப்படைக்கும் மான்தலைகளே இந்நோயின் பரவலை அறிவதற்கான முதன்மைத் தரவாக விளங்குகின்றன.